பந்தில்லாமல் ஆட்டச் சொன்னார்கள்

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ‘லாக்ஸ்’ என்றால் ஒரே அர்த்தம்தான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மருந்து. வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்து, இன்ன படுக்கைக்கு லாக்ஸ் வரவில்லையே என்று கேட்பார். நான் எடுத்து அனுப்புவேன். அதனால், கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் மதியம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, “சாயங்காலம் எனக்கு லாக்ஸ் இருக்கு, நீயும் வர்றியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, “மருந்து சாப்பிடவா?” என்று கேட்டுவிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் எதையும் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்பது பழகிவிட்டது. ஆனால் இதற்கெல்லாமா துணைக்கு ஆள் கூப்பிடுவார்கள்?

அவள் சிரித்து ஓய்ந்த பிறகு போனில் படம் காட்டினாள். நீளமான ஒரு கழி, அதன் தலையில் சின்னதாக ஒரு வலை. அதைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மைதானத்தில் ஓடுகிறார்கள். விளையாட்டின் பெயர் லக்ராஸ், செல்லமாகக் கூப்பிடுவது லாக்ஸ். புதியவர்களுக்கு வியாழக்கிழமை மாலைகளில் சொல்லிக் கொடுக்கிறார்களாம், என் வயதில் இருப்பவர்களும் வருகிறார்களாம். எனக்கு அந்த வலை பிடித்துவிட்டது. சாத்தூரில் பள்ளிக்கூடக் காலத்தில் நான் பூப்பந்து ஆடியவள். மஞ்சள் கம்பளிப் பந்து, நரம்பு கட்டிய மட்டை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளெல்லாம் என் அடிக்குப் பயப்படும். மட்டையில் வலை இருந்தால் எனக்குத் தெரியாதா என்ன என்ற திமிரில், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திமிர் மட்டும் காரணமில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. குழந்தைக்காகச் செய்துகொண்ட சிகிச்சை அதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தது. கிளினிக்கில் உறைய வைத்திருந்ததில் எங்களுடைய கரு இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதையும் வைத்துப் பார்ப்போம், அத்தோடு போதும், இதற்கு மேல் உடம்பும் தாங்காது மனசும் தாங்காது என்று நானும் என் கணவரும் பேசி முடித்திருந்தோம். அதற்கு முன் உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று டாக்டர் இடைவெளி விடச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்காதே, ஏதாவது விளையாடு என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யோசிக்காமல் இருப்பதற்கு மாத்திரை இருந்தால் முதலில் நானே விழுங்கியிருப்பேன்.

மைதானம் நாங்கள் குடியிருக்கும் ரோவில் என்ற புறநகரிலேயே, வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. கோடை முடிகிற நேரம், வெயில் இறங்க மனமில்லாமல் யூகலிப்டஸ் மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். மூக்கின் மேல் வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் அப்பியிருந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், ஆனால் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல். ஒரு மட்டையை என் கையில் கொடுத்து, ஒரு கை மேலே வலைக்குப் பக்கத்தில், இன்னொரு கை கழியின் அடியில் என்று பிடிக்க வைத்தாள். பிறகு தள்ளி நின்று பந்தை எறிந்தாள்.

பந்து என்னை நோக்கி வந்தது. வலை என் கையில் இருந்தது. நான் அடித்தேன்.

அடித்த அடியில் பந்து அவள் தலைக்கு மேல் போய், நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவரின் காலடியில் விழுந்தது. நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நல்ல அடி என்று நான் பெருமையாக நின்றேன். இவள் என்னடாவென்றால் தலையை ஆட்டுகிறாள். “அடிக்கக் கூடாது. உள்ளே வர விடணும்.”

இது எனக்குப் புரியவேயில்லை. உள்ளே வர விடுவதென்றால்? வருகிற பந்தைத் திருப்பி அனுப்பத்தானே மட்டை? இல்லையாம். பந்து வலையைத் தொடும்போது மட்டையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டுமாம், முட்டையைக் கையில் வாங்குவது போல. அவள் செய்து காட்டினாள். பந்து சத்தமே இல்லாமல் வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் செய்தேன். பந்து டப்பென்று அடிபட்டுப் பறந்தது. மனசு பின்னால் இழு என்கிறது, மணிக்கட்டு பள்ளிக்கூடத்திலேயே நின்றுகொண்டு முன்னால் அடி என்கிறது. தரையில் கிடக்கும் பந்தைக் குனிந்து அள்ளும்போதாவது சரியாக வருமா என்று பார்த்தால், பந்துக்குப் பதிலாகப் புல்லை அள்ளினேன். இடது கைக்கு மாற்று என்றபோது எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்பதே மறந்துபோனது. என்னை அழைத்து வந்த மருந்தகச் சிநேகிதி தூரத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம்தான் அந்தச் சொல் வந்தது. வலைக்குள் வந்த பந்து ஓடும்போது கீழே விழாமல் இருக்க மட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கிரேடில். “குழந்தையைத் தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி,” என்றாள் அந்தப் பெண், எல்லோருக்கும் பொதுவாக. எனக்குச் சொல்வது போலவே இருந்தது. அவளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பாவம், வேறு உதாரணம் தேடியிருப்பாள்.

“முதல்ல பந்து வேண்டாம். வெறும் மட்டையை ஆட்டிப் பழகுங்க.”

எல்லோரும் வட்டமாக நின்று வெறும் மட்டையை ஆட்டத் தொடங்கினார்கள். என் கை நகரவில்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய நூல் சேலையை விட்டத்தில் தூளியாகக் கட்டியிருந்தார்கள். முதன்முதலாகக் குழந்தையைப் போடும் முன், துணி சுற்றிய குழவிக்கல்லைத் தூளியில் போட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போட்டார்கள். ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப் போயிருந்த சமயம், காலியாகக் கிடந்த தூளியை நான் வேகமாக ஆட்டி விளையாடினேன். சித்தி ஈரக் கையோடு ஓடி வந்து என் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். “வெறுந் தொட்டில ஆட்டாதடி! பிள்ளைக்கு வயித்து வலி வரும்!” சொல்லி வைத்தது போல அன்று சாயங்காலம் குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதது. என்னால்தான் என்று நான் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அது வெறும் வாயுத் தொல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்குக் கொடுக்கிற சொட்டு மருந்தைத் தினமும் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவளின் கை ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் குனிந்து ஒரு பந்தை எடுத்து வலைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு ஆட்டினேன். பந்து உடனே விழுந்தது. மறுபடி எடுத்துப் போட்டேன். விழுந்தது.

“உனக்கு இன்னும் பந்து வேண்டாம்,” என்றாள் அவள், எனக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் சைகையும் சேர்த்து.

“எனக்கு வேணும்,” என்றேன்.

“இது கஷ்டமான வழி.”

“பரவாயில்லை.”

அவள் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். என்ன விளக்கம் சொல்வது? எங்கள் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறது, நான் அதை நம்பவில்லை, ஆனாலும் செய்ய மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அதற்குப் பிறகு வாராவாரம் அவளே முதலில் எனக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போட ஆரம்பித்தாள். “இந்தா, உன் பாப்பா,” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மற்றவர்கள் காற்றை ஆட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஆட்டுவதும் குனிந்து பொறுக்குவதுமாக இருப்பேன்.

வீட்டு முற்றத்திலும் பழகினேன். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“உதென்ன பிள்ளை கையில? மீன் வலையோ?”

“இல்ல அன்ரி, விளையாட்டு. பந்தை இதுல போட்டு இப்படி ஆட்டணும். கிரேடில்னு சொல்றாங்க.”

“தொட்டில் ஆட்டுறதோ?” கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “அப்ப சரி. பந்து கிடக்குதுதானே. வெறுந் தொட்டில் ஆட்டக் கூடாது எண்டு எங்கட ஆக்களும் சொல்லுறவை.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை.

ஆனால் அன்று இரவுச் சமையலின்போது வேறொரு குழப்பம் பிடித்துக்கொண்டது. ஊரில் என் மாமியார் எங்களுக்காக வேண்டிக்கொண்டு கோயில் மரத்தில் ஒரு சின்ன மரத்தொட்டில் கட்டியிருக்கிறார். வாட்ஸாப்பில் படமும் அனுப்பினார். அதற்குள் ஒன்றும் இல்லை. இரவும் பகலும் காற்று அதை ஆட்டிக்கொண்டுதானே இருக்கும்? அதற்கு மட்டும் தோஷம் கிடையாதா? சாமி மரம் என்றால் சலுகையா? கணவரிடம் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, “எந்தத் தொட்டில்? எந்தக் காத்து?” என்றார். விட்டுவிட்டேன்.

இடைவெளி முடிந்து, கருவை வைத்தார்கள். வலியில்லாத, சீக்கிரம் முடிகிற வேலை. திரையில் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, அதுதான் என்றார்கள். இனி ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டும். அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது. நான் மட்டையை எடுத்ததும் கணவர் கதவருகில் வந்து நின்றார்.

“கரு வச்சிட்டு வந்து மட்டையத் தூக்கிட்டுப் போற. உனக்கென்ன பைத்தியமா?”

“வேலைக்குப் போகலாம், நடக்கலாம், ஓடத்தான் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. நான் ஓடப் போறதில்ல. ஓரமா நின்ன இடத்துல ஆட்டப் போறேன்.”

“என்னத்த ஆட்டப் போற?”

தொட்டிலை என்று சொல்ல வாய் வரவில்லை. “மட்டையத்தான்,” என்றேன். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கொண்டு போய் விட்டார். திரும்பிப் போகாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணிடம் முழங்கால் வலி, ஓட முடியாது என்று பொய் சொன்னேன். அவள் என்னை ஓரத்தில் நிறுத்தி, கை வேலை மட்டும் கொடுத்தாள். ஆட்டுவது, கை மாற்றுவது, சுவரில் எறிந்து வாங்குவது. பந்து வயிற்றில் பட்டுவிடுமோ என்று நான் ஒருக்களித்து நின்றே எல்லாம் செய்தேன். கெட்டியான ரப்பர் பந்து அது. அப்படி ஒருக்களித்து நின்றதாலோ என்னவோ அடிக்கிற வேகம் குறைந்து, ஒருமுறை பந்து வலைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. நான் மூச்சுவிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெதுவாக ஆட்டினேன். விழவில்லை.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. இந்தச் சுவரிலிருந்து அந்தக் கம்பம் வரை விழாமல் கொண்டு போனால் நல்ல செய்தி என்று மனசுக்குள் ஓர் ஒப்பந்தம். கொண்டு போனேன். சரி, திரும்பி வரும்போதும் விழக் கூடாது. விழுந்தது. அது கணக்கில்லை, காற்று அடித்தது. மறுபடி முதலிலிருந்து. மருந்துகளின் வீரியத்தைப் படித்துப் பட்டம் வாங்கியவள், ஒரு மஞ்சள் ரப்பர் பந்திடம் தலையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடேயே ஆட்டினேன்.

ரத்தப் பரிசோதனையும் ஒரு வியாழக்கிழமையில்தான் வந்து விழுந்தது. காலையிலிருந்தே அடிவயிற்றில் லேசாக ஓர் இழுப்பு இருந்தது. கரு ஒட்டிக்கொண்டாலும் அப்படி இழுக்கும், ஒட்டாமல் போனாலும் அப்படியே இழுக்கும். இரண்டும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மதியம் கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லிவிட்டு அவர் மூச்சை இழுத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், இரண்டொரு நாளில் ரத்தப்போக்கு வரும் என்றார். நன்றி என்று சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். “வீட்டுக்கு வந்துடும்மா,” என்றார்.

“இன்னைக்கு வியாழக்கெழம,” என்றேன்.

“அதுக்கு?”

வீட்டுக்குப் போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் ஊருக்குப் போன் செய்ய வேண்டும். நான் நேராக மைதானத்துக்குப் போனேன். மட்டையைக் காலையிலேயே காரின் பின்னால் போட்டு வைத்திருந்தேன்.

எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். “பந்து வேண்டாம், வெறும் மட்டையை ஆட்டுங்க!” என்று அந்தப் பெண்ணின் குரல் வழக்கம்போல மைதானம் முழுக்கக் கேட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தாள்.

“இந்தா, உன் பாப்பா!”

பந்து வந்தது. நான் அடித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி அடித்ததில்லை. வேலியைத் தாண்டிப் புதருக்குள் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. வட்டத்தில் என் இடத்தில் போய் நின்றேன். மேல் கை வலைக்குப் பக்கத்தில், கீழ்க் கை கழியின் அடியில். வலை காலியாக இருந்தது. சித்தி எங்கிருந்தோ ஈரக் கையோடு ஓடி வருவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. இனி யாருக்காகப் பயப்பட வேண்டும்? ஆட்டினேன்.

கை தானாக ஆடியது. மணிக்கட்டு சுருண்டு விரிந்தது, தோள் தளர்ந்தது, எதுவும் விழுந்துவிடுமே என்ற பயம் இல்லை. கை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். எது மேலே எது கீழே என்று ஒருமுறைகூடக் குழம்பவில்லை. அவள் என் முன்னால் வந்து நின்று வாயைப் பிளந்தாள்.

“அடடா, இதுதான்! இவ்வளவு அழகா வருதே, இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?”

எனக்குக் கண்ணில் நீர் கொட்டத் தொடங்கியது. கை மட்டும் நிற்கவில்லை. அந்தச் சின்னப் பெண் பயந்துபோய் என் தோளைத் தொட்டாள். “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா? என்ன ஆச்சு? முழங்காலா?”

இல்லையென்று தலையாட்டினேன். அடிவயிற்றில் காலையிலிருந்து இருந்த இழுப்பு இப்போது நன்றாகவே பிடித்து முறுக்கியது. அவளுடைய பாஷையில் எனக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான், அது பொய்யுமில்லை.

“வயித்து வலி,” என்றேன்.

வெறுந் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வலிக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். ஆட்டுகிறவளுக்கு வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.